கடல்கட்டியின்ர பூட்டப்பிள்ளை

முன்னறையை விட்டுக்குடுக்கிறேல்ல. உயிரே போனாலும் விட்டுக்குடுக்கிறேல்ல. விடியப் பல்லுத் தீட்டேக்க, கண்ணாடியைப் பாத்து இப்பிடித்தான் சபதம் எடுத்தன். கண்ணாடிக்குள்ள நிண்டவரும் ஓமெண்டு தலையாட்டினார். இந்த வீட்டில என்ர பேச்சுக்குத் தலையாட்டுற ஒரே ஆள் அவர்தான்.

சங்கதி இதுதான். என்ர மனிசி மெற்றில்டா, காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில இங்கிலீஸ் படிப்பிச்சுப்போட்டு, போன தையில பென்சனில வந்தவள். வந்தவள் சும்மா இருக்கலாமெல்லோ? முன்னறையில ரியூசன் தொடங்கப் போறாளாம். றோட்டுப் பக்கச் சுவரை உடைச்சு, பிள்ளையள் வந்துபோக ஒரு கதவு வைக்கப் போறாளாம். நான் கிறிக்கெட் பாக்கிற அறை அது. என்ர சாய்மனைக் கதிரை கிடக்கிற அறை. மத்தியானத்தில நான் அடிச்சுப் போட்ட மாதிரி நித்திரை கொள்ளுற அறை.

"அப்ப நான் எங்க போறது?" எண்டு கேட்டன்.

"வெளியில வேப்பமரத்துக்குக் கீழ நல்ல காத்து வருது."

மன்னார் ரவுணில மர நிழலில ஆர் படுக்கிறது எண்டு மன்னாரானைக் கேட்டுப் பாருங்கோ. கழுதையள்! எனக்கு உண்மையாவே கவலை வந்திட்டுது. அறுபது தாண்டின மனிசனுக்குக் கதிரை போட ஒரு மூலை இல்லையெண்டா அது என்ன சீவியம்?

வீடு அவளின்ர சீதனம். ஆனபடியால சட்டம் கதைக்கேலாது. அவள் இங்கிலீசில வெளிக்கிட்டாளெண்டா நான் ஒண்டுமே கதைக்கேலாது. அதுதான், பரம்பரையைக் கொண்டுவந்து இறக்கிறதெண்டு முடிவெடுத்தன். அவளின்ர ஆக்களில உடையார் இருந்தவராம், விதானையார் இருந்தவராம். கலியாணம் கட்டின நாளில இருந்து கேட்டுக் கேட்டு என்ர காது புளிச்சுப் போச்சு. என்ர பக்கத்தில ஒரு பெரிய தலை இல்லாமலா போகும்?

மூதாதையரைத் தேடுறதுக்கெண்டே இன்ரர்நெற்றில ஒரு தளம் இருக்கு. அதில என்ர பூட்டன்ர பேரைப் போட்டன். அப்பப்பாவின்ர தகப்பன். பேர் கயித்தான். உலகத்தில இவ்வளவு கயித்தான்மார் இருந்திருக்கினம் எண்டு ஆர் கண்டது? ஒருத்தர் கோவாவில பேக்கரி வைச்சுப் பாண் போட்டவர். இன்னொருத்தர் பிரேசிலில சிறைக்குள்ள இருந்தவர். அவரின்ர படத்தைப் பாத்தா என்ர மூக்கு மாதிரித்தான் கிடந்துது. பயந்துபோய் மூடிப்போட்டன்.

கடைசியா, நோர்வேயில இருக்கிற ஆரோ ஒரு புண்ணியவான் போட்ட வம்சாவளியில ஆள் ஆப்பிட்டார். 'கயித்தான், பேசாலை. சிலாவத்துறை முத்துக்குளிப்பில் கடல்கட்டி. அரசாங்கச் சம்பளம்.' கீழ சிவப்பு எழுத்தில 'மூலப் பதிவைப் பார்க்கவும்' எண்டு கிடந்துது. தட்டினன். வெள்ளைக்காரன் காலத்து அறிக்கை ஒரு பக்கம் வந்துது. மைக்குள்ள விழுந்த எறும்பு ஊர்ந்த மாதிரிக் கையெழுத்து. கயித்தான் எண்ட பேர் மட்டும் விளங்கிச்சுது. எனக்கு அது காணும்.

கடல்கட்டி எண்டா லேசுப்பட்ட ஆளில்ல. முத்துக்குளிக்கிறவையைச் சுறா கடிக்காமல், அதின்ர வாயை மந்திரத்தால கட்டுறவர்!

"மெற்றில்டா! ஓடி வா!"

"என்னப்பா, காஸ் முடிஞ்சுதோ?"

"என்ர பூட்டன். சுறாவின்ர வாயைக் கட்டினவர்."

"நல்ல விசயம். பூட்டியின்ர வாயைக் கட்டினவரோ?"

அந்த நேரம் பாத்துப் பக்கத்து வீட்டு ஜவாஹிர் நானா, இரவல் வாங்கின ஏணியைத் திருப்பித் தர வந்தவர், வாசலிலயே நிண்டிட்டார்.

"கடல்கட்டியா? அல்லாவே! எங்கட வாப்பா சொல்லுவார். கடல்கட்டி வராட்டி ஒருத்தனும் தண்ணியில இறங்க மாட்டானாம். வெள்ளைக்காரத் துரைமாரே பாத்துக்கொண்டு நிப்பாங்களாம்."

நான் நாலு அங்குலம் உயந்திட்டன்.

"கேட்டியோ? துரைமார் காத்து நிண்ட பரம்பரை. உன்ர ரியூசன் நிக்காதோ? இண்டையில இருந்து இது பரம்பரை அறை."

மெற்றில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொம்பியூற்றருக்குக் கிட்ட வந்தாள். எங்கையோ தட்டி வாசிச்சாள், திரும்பவும் தட்டினாள்.

"சரி. உங்கட பூட்டன் செய்த மாதிரி நீங்களும் ஒரு காலமை செய்து காட்டுங்கோ. காட்டினா அறை உங்களுக்கு. அதுக்குப் பிறகு அறையைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டன். நானா, நீங்கள் சாட்சி."

"ஒரு காலமை என்ன, ஒரு மாசம் செய்வன்!" எண்டு கையடிச்சுக் குடுத்தன்.

அதுக்குப் பிறகுதான் கேட்டாள்.

"இந்த அம்புக்குறியைத் தட்டிப் பாத்தனீங்களோ?"

"எந்த அம்புக்குறி?"

"அடுத்த பக்கத்துக்குப் போறது."

தட்டினாள். எறும்பு ஊர்ந்த எழுத்தைத் தண்ணி குடிக்கிற மாதிரி வாசிச்சு, தமிழில சொன்னாள். வள்ளங்கள் கடலுக்கு வெளிக்கிட்டவுடன கயித்தான் ஒரு அறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொள்ளுவாராம். வள்ளங்கள் கரைக்கு வருமட்டும் சாப்பாடில்ல, தண்ணியில்ல, ஒரு சொல்லுப் பேச்சில்ல. இவர் வாயைத் திறந்தா அங்க சுறாவும் வாயைத் திறந்திடுமாம்.

"எங்கட நோன்பை விடக் கஷ்டமா இருக்கே," எண்டார் நானா. "நாங்க பேசவாவது பேசுவம்."

அடுத்த நாள் விடியக் கோயில் மணி அடிக்க முன்னறைக்குள்ள போனன். மத்தியான மணி அடிக்குமட்டும் பொறுக்கவேணும். ரிவி இல்ல, பூட்டனிட்டயும் இருக்கேல்லயாம். கோப்பி மணம் வந்துது. பொறுத்தன். இடிச்ச சம்பல் மணம் வந்துது. கண்ணை மூடிப் பொறுத்தன். எப்பிடியும் அறை என்ர அறை. அந்த நினைப்பே வயித்தை நிரப்பிச்சுது.

வெயில் ஏறினாப்போல சன்னலடியில சத்தம். பாத்தா, மேசன் சுபாஸ் சுத்தியலோட நிக்கிறான். பக்கத்தில சாட்சி நானா. சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு என்ர மனிசி. மாதா கோயில்ல, கலியாணத்துக்குத் தடை இருக்கோ எண்டு மூண்டு தரம் கேட்டு ஓலை வாசிக்கிற குரலில தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, அறை உங்கட அறைதான். உங்களைக் கேளாமல் நான் ஒண்டும் செய்யமாட்டன். இந்தச் சுவரை உடைச்சுக் கதவு வைக்கிறதுக்குத் தடை இருந்தா வாயைத் திறந்து சொல்லுங்கோ. முதலாம் தரம்."

அப்பதான் எனக்குப் பொறி விளங்கிச்சுது. வாயைத் திறந்தா பந்தயம் தோல்வி, அறை அவளுக்கு. திறக்காட்டிச் சம்மதம், அறை அவளுக்கு. என்ர கயித்தான் பூட்டா, உம்மை எந்தச் சுறாவாவது இப்பிடி மடக்கினதோ?

"இரண்டாம் தரம்."

கழுத்துச் சுளுக்குமட்டும் இல்லையெண்டு தலையை ஆட்டினன்.

"ஐயா தலையாட்டுறார், ரீச்சர். ஓமெண்டுதானே?"

"ஓம் தம்பி. இவர் எல்லாத்துக்கும் தலையாட்டுறவர்."

ரண்டு கையையும் உயத்தி, வேண்டாம் வேண்டாம் எண்டு விசுக்கினன்.

"பாருங்கோ, ஆசீர்வாதமும் தாறார். மூண்டாம் தரம்."

நாக்கு நுனியில 'நிப்பாட்டடா' எண்ட சொல்லு வந்து நிண்டுது. நானாவைப் பாத்தன். நான் தோத்தனெண்டா அவர் பஸ் ஸ்ராண்டில ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்க முந்தி முழு மன்னாருக்கும் தெரிஞ்சிடும். பூட்டன்ர மானமெல்லோ! பல்லைக் கடிச்சன்.

சுத்தியல் விழுந்துது.

கொஞ்ச நேரத்தில ஆள் நுழையிற அளவுக்குச் சுவரில ஓட்டை. அதுக்குள்ளால ஒரு கழுதை தலையை நீட்டி, என்னையும் கதிரையையும் மாறி மாறிப் பாத்துது. மரத்துக்குக் கீழ தன்ர பக்கத்தில எனக்கு எவ்வளவு இடம் விடவேணும் எண்டு கணக்குப் பாத்திருக்கும்.

மத்தியான மணி அடிச்சுது. நானா கைதட்டினார்.

"வெண்டிட்டீங்க, இராசேந்திரம்! அறை உங்கட அறைதான். அதைப் பிள்ளைகள் படிக்கக் குடுத்திட்டீங்களே, என்ன பெரிய மனசு!"

இண்டைக்குக் கிழிக்கிற கிழியில முழுத் தெருவும் கேக்கட்டும் எண்டு வாயை ஆவெண்டு திறந்தன்.

"பாவம், பசி," எண்டு மெற்றில்டா அதுக்குள்ள ஒரு கவளம் சோத்தை வைச்சாள். சுடச்சுட. மீனை உதிர்த்துத் தேங்காய்ப்பூவும் மிளகும் போட்டுப் பிரட்டின வறையோட. சரியான ருசி. அதுதான் கொடுமை. இன்னொரு கவளத்துக்கும் ஆவெண்டன். சொன்ன சொல்லுத் தவறாமல், அறையைப் பற்றி அவள் வாயே திறக்கேல்ல.

சுறாவின்ர வாயைக் கட்டின பரம்பரை நான். என்ர வாயைக் கட்டினது சுறா வறை.