நாடாவில் ஏறாத பேச்சு

மூன்றாவது முறையாக ஒலிநாடாவைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டான் பொன்னுதுரை. மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் ஓர் இரைச்சல். அவ்வளவுதான். அவன் குரலைக் காணோம்.

ஆள் நில அளவை ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. காஜா பெராங் வட்டாரத்தில் மாடி அறை, வாடகைக்கு. தெருக்கோடியில் மல்லிகா டீச்சர் வீடு. இரண்டு வருஷமாக அவளை நேரில் பார்க்கும்போதெல்லாம் அவன் வாயில் வந்தது ஒரே வாக்கியம்: "மழை வரும் போல." அவளும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

இன்று மாலை சிரம்பானிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். தட்டு மாற்றிவிட்டால் கதை முடிந்தது. வாய் சொல்லாததை மெஷின் சொல்லட்டும் என்று கிளம்பியவன்தான் நம் ஆள். தெருச் சங்கத்து மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகப் பக்கத்து வீட்டு தாவூத் பாய் தன் மைக்செட் சாமான்களை அவன் அறையில் இறக்கி வைத்திருந்தார். அதில் ஒலிப்பதிவு மெஷினும் ஒன்று. பேசிப் பதிந்துவிட்டால், பாயின் மனைவி ஹஸீனா அதைப் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டுபோய் டீச்சருக்குப் போட்டுக் காட்டுவாள் என்று ஏற்பாடு.

"மைக்க பெரிய பெட்டில சொருவு தம்பி. அதுலேர்ந்து ஒரு ஒயரு மெஷினுக்குப் போவும். சூசா ஒண்ணுமில்ல, சுலபந்தான்," என்று சொல்லிவிட்டு பாய் கிளேபாங்குக்கு வேலையாகப் போய்விட்டார்.

பெரிய பெட்டியின் முதுகில் நான்கு ஒயர்கள். எது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்து மெஷினில் சொருகினான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "மல்லிகா, ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றான். எங்கிருந்தோ 'ஊ' என்று ஓர் ஊளை. தெருநாய் என்று ஜன்னல்களைச் சாத்தினான். கம்பளியைத் தொங்கவிட்டான். மெத்தையைத் தூக்கிக் கதவில் சாய்த்தான். ஊளை அடங்கியது. ஆனால் மெஷினின் முள் அசைவேனா என்றது. பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகினான். முள் ஒரு மயிரிழை நகர்ந்தது; பதிகிறது என்று நம்பிவிட்டான்.

"தொண்டை வேற கட்டிக்கிச்சு. இஞ்சித் தண்ணி இருந்தா நல்லா இருக்கும்," என்று தனக்குள் முனகினான்.

ஐந்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. மெத்தையை நகர்த்தித் திறந்தால், முந்தானையால் வாயைப் பொத்தியபடி ஹஸீனா. கையில் ஆவி பறக்கும் இஞ்சித் தண்ணீர்.

"எப்படிக்கா தெரிஞ்சது?"

"தோணுச்சு தம்பி. நீங்க பேசுங்க. முணுமுணுன்னு மட்டும் பேசாதீங்க."

மறுபடி உட்கார்ந்தான். "இந்தத் தகரக்கடைக்காரன் ஞாயித்துக்கிழமைகூட தட்டுறானே," என்றான். தட்டல் நின்றது. எத்தனையோ வருஷமாக நிற்காத தட்டல்.

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலையே," என்று பெருமூச்சு விட்டான். கதவில் அப்பாசாமி, பென்ஷன் வாங்குகிறவர், மாடிப்படி ஏறிய களைப்போடு.

"மனசுல உள்ளத நேரா சொல்லிடணும் தம்பி. சுத்தி வளைக்கக் கூடாது."

"எதங்க ஐயா?"

"பொதுவா சொன்னேன்," என்று அவர் இறங்கிப் போனார்.

கம்பளி இருட்டில் பெட்டியின் வால்வு பல்புகள் கார்த்திகை விளக்குகள்போல் செம்மஞ்சளாக எரிந்தன. நினைத்ததெல்லாம் நடக்கிற நாள் இது என்று பொன்னுதுரைக்குப் பட்டது. கனவில் நடக்கும்போது கால் தரையில் படாதே, அப்படி இருந்தது. ஒரு பெச்சா மணி இல்லை, ஒரு சேவல் இல்லை. ஊர் முழுக்க ஒருக்களித்துப் படுத்துக் காது கொடுப்பதுபோல் அமைதி. அந்த அமைதிக்குள் அவன் குரல் தானாக இறங்கியது.

"மல்லிகா, மழை வரும்னு நான் சொன்னதெல்லாம் மழையப் பத்தி இல்ல. நீங்க இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்கணும்னுதான். எனக்குப் பாட வராது. மீன் குழம்பு சுமாரா வைப்பேன். நீங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்கு நான் தினமும் ஜன்னல்ல நிக்கிறேன், அது காத்துக்கு இல்ல. உங்களுக்குச் சம்மதமா?"

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாடாவைப் பின்னுக்கு ஓட்டினான்.

ஸ்ஸ்ஸ்.

இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டான். அதே ஸ்ஸ்ஸ். சுவரில் மணி மூன்று. நான்கு மணிக்கு சிரம்பான் கார் வந்துவிடும். திரும்பப் பேச அவனிடம் இனி ஒரு சொல்கூட மிச்சமில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

கதவு மறுபடி தட்டப்பட்டது. மெஷினை ஏற்றிப்போகச் சொல்லிவைத்திருந்த பெச்சாக்காரர் கலியாணசுந்தரம், தோள் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"போங்கண்ணே. ஒண்ணுமே பதியல. ஏத்துறதுக்கு எதுவும் இல்ல."

கலியாணசுந்தரம் அவனையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் மெஷினுக்கு வரல தம்பி. நீங்க பேசுனதெல்லாம் சங்கத்துக் கூரையில கட்டுன ஒலிபெருக்கியில இவ்வளவு நேரமா ஊரே கேட்டுக்கிட்டிருக்கு, டீச்சர் கீழ என் பெச்சாவுல உக்காந்திருக்காங்க, அவங்களுக்குச் சம்மதமாம், மொதல்ல அந்த மைக்க நிறுத்திட்டு எறங்கி வரச் சொன்னாங்க."