பினாயில் அம்மாவும் பவுனின் பிரசவமும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கிருமிகள் யாருக்காவது பயந்தன என்றால் அது ஒரே ஒருவருக்குத்தான். நான் மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் ஹெட் நர்ஸ். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கும் எங்களுக்கும் அவர் பினாயில் அம்மா.

அவர் பினாயில் ஊற்றிக் கழுவ வைத்தவற்றை எனக்குத் தெரிந்த வரையில் வரிசையாகச் சொல்கிறேன்: தரை, சுவர், ஜன்னல் கம்பிகள், வாசல் வேப்பமரத்தின் அடித்தண்டு, மருந்துப் பெட்டி ஏற்றி வந்த மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்கள். மாடுகள் மட்டும் தப்பின. வண்டிக்காரர் வாளிக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு முயல் வளர்த்தார் என்றால் நம்புவது கஷ்டம். ஆலங்குடிச் சந்தையில் யாரோ கறிக்கு விலை பேசிக்கொண்டிருந்த முயலை நடுவில் புகுந்து வாங்கி வந்துவிட்டார். பழுப்பு நிறம். பெயர் பவுனு. வாரம் ஒரு தரம் அதன் நான்கு கால்களையும் சோப்புப் போட்டுக் கழுவுவார். மற்றபடி பவுனு சுகமாக இருந்தது. வேளைக்குக் கடலைக்கொடி, அகத்திக்கீரை, அருகம்புல் என்று எங்கள் மெஸ்ஸைவிட நல்ல சாப்பாடு.

அந்த ஐப்பசிக் கடைசியில் குன்றாண்டார்கோவில் பக்கம் காலரா ஊசி போட அம்மாவை அனுப்பினார்கள். பவுனை யாரிடம் விடுவது? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம்.

“ஒங்ககிட்டயா? நான் வாறதுக்குள்ள கொழம்பு வச்சிருவீங்க” என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு டிராயிங் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மாஸ்டரிடமும் ஒரு வெள்ளை முயல் இருந்தது. பெயர் லலிதா.

“லலிதா ரொம்ப அடக்கமான பொண்ணுங்கம்மா. அக்கா தங்கச்சி மாதிரி இருப்பாளுங்க” என்றார் மாஸ்டர்.

அம்மா முகாம் முடிந்து திரும்பினார். சில வாரத்தில் பவுனு பருக்க ஆரம்பித்தது. அம்மா எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

“யாருடி இவளுக்கு அளவில்லாமத் தீனி போடுறது? ஒடம்பு பூரா கொழுப்பு.”

அன்று முதல் பவுனுக்குத் தீனி பாதி. காலையும் மாலையும் வராந்தாவில் நடை. பவுனு நடக்க மறுத்துப் பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தது. அம்மா பதிலுக்குச் செருப்புக் காலால் தரையை அடித்தார். இருவரும் இப்படி வாதாடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பவுனைத் தூக்கி மடியில் வைத்து வயிற்றைத் தடவிய அம்மாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

“ஏ புள்ள, இங்கிட்டு வா. கொழுப்பு ஒதைக்குமாடி?”

நான் தொட்டுப் பார்த்தேன். உதைத்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, வார்டிலிருந்து, வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை எடுத்து வந்து வயிற்றில் வைத்துக் கேட்டார் அம்மா. கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. ஊரில் பாதிப் பேரைப் பிறக்க வைத்தவர், தன் மடியில் இருந்த கர்ப்பிணியைப் பட்டினி போட்டு நடக்க வைத்திருக்கிறார்.

நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். அம்மா லலிதாவைத் தூக்கித் திருப்பினார். பரீட்சை முடியக் கண்ணிமைக்கும் நேரம்தான் ஆனது.

“மாஸ்டரு, ஒங்க லலிதா பொண்ணில்ல.”

“என்னங்கம்மா சொல்றீங்க? படம் வரைஞ்சு கீழ பேரெல்லாம் எழுதிட்டேனுங்க!”

“பேரு இருந்துட்டுப் போவுது. இனி யாரு வீட்டுப் பொண்ணோடயும் தங்க விடாதீங்க.”

அதற்குப் பிறகு பவுனு முறையான பிரசவ கேஸ் ஆயிற்று. தீனி இரட்டிப்பானது. நடை நின்றது. ஸ்டோர் அறை மூலையில் அதற்கென்று ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குத் தினமும் பினாயில். பட்டினி போட்டதற்குப் பரிகாரம் செய்வதுபோல் அம்மா ஓயாமல் உழைத்தார். “என் கையில ஒரு தாயும் புள்ளையும் வீணாப் போகக் கூடாது” என்பது அவர் எந்தக் கேஸுக்கும் சொல்வது. இப்போது அதை ஒரு முயலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலையில் பெட்டி முழுக்க முடி. பவுனு தன் நெஞ்சு ரோமத்தை வாயால் பிடுங்கி, தின்னாமல் வைத்திருந்த புல்லோடு சேர்த்து மூலையில் குவித்திருந்தது.

“சொறி!” என்றார் அம்மா. முடியை அள்ளி வார்டுக் குப்பையோடு எரிக்கக் கொடுத்தார். பெட்டியைக் கழுவினார். கொதிக்க வைத்துக் காய வைத்த வெள்ளைத் துணியை மடிப்புக் கலையாமல் விரித்தார். பவுனின் நெஞ்சில் களிம்பு. பவுனு துணியை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, சாயங்காலத்துக்குள் மறுபடி முடி பிடுங்கியது. அம்மா மறுபடி கழுவினார். மறுநாளும் இதே கதை. முடிவில் நெஞ்சிலும் வயிற்றிலும் பிடுங்க ஒன்றும் மிச்சமில்லாமல், பவுனு தீனியைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவும் மத்தியானம் சாப்பிடவில்லை.

அன்றைக்கு வார்டில் கொடும்பாளூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு ஆண் குழந்தை. குழந்தையை ஒரு பழைய நூல் சேலைக் கிழிசலில் சுற்றி வைத்திருந்தாள். அம்மாவின் கண்ணில் அது பட்டது.

“இந்தக் கந்தலை யாரு உள்ள விட்டது? குடு இங்க.”

அந்தப் பெண் விடவில்லை. படுத்தபடியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எடுத்துராதீங்கம்மா. நான் உடுத்துன சேலைங்க. தொவச்சுத் தொவச்சுப் பூவாட்டம் ஆயிருக்கு. ஒங்க துணி சொரசொரங்குது. எம்புள்ள மேனி தாங்குமாங்க?”

அம்மா ஒரு முனை, அவள் ஒரு முனை. இந்த மாதிரி இழுபறிகளில் அம்மா தோற்று நான் பார்த்ததில்லை. அன்று அவராகவே கையை விட்டார். விட்டவர், நடு வார்டில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏ புள்ள… அது சொறியில்லடி. அவ புள்ளைக்குச் சேலை விரிச்சிருக்கா. நான் எடுத்து எரிச்சுட்டேன்.”

ஓடினோம். குப்பை எரிக்கும் குழியில் சாம்பல்தான் இருந்தது. பிறக்கப் போகும் குட்டிகளின் மேல் முடி இருக்காது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இல்லாவிட்டால் தாய் ஏன் தன் முடியைப் பிடுங்க வேண்டும்? மார்கழிப் பனியில், வெறும் பலகையில், அவை ஒரு பொழுது தாங்காது. வார்டில் பஞ்சு இருக்கிறதே என்று நான் சொன்னேன். “அது குட்டிங்க கால்ல சுத்திக்கிரும். அவளே வெளிய தள்ளிருவா” என்றார் அம்மா.  பிறகு என்னிடமிருந்து பேன் சீப்பை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று மாஸ்டர் வீட்டுக்கு நடந்தார்.

“மாஸ்டரு, லலிதாவைக் கொண்டாங்க.”

“இன்னும் என்னங்கம்மா செஞ்சா அவ?”

“செஞ்சதெல்லாம் போதும். இப்பத் தகப்பன் குடுக்க வேண்டியதைக் குடுக்கணும்.”

மடியில் போட்டு வாரினார். வெள்ளை முடி கொத்துக் கொத்தாக வந்தது. மாஸ்டர் சுற்றிச் சுற்றி வந்தார்.

“பனிக் காலமுங்க. அவளுக்குக் குளிருமேங்க!”

“குளிரட்டும். அங்கிட்டு ஒருத்தி மேலெல்லாம் பிடுங்கிட்டு ஒக்காந்திருக்கா.”

ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் திருப்பினார். லலிதா எதிர்க்கவே இல்லை. அடக்கமான பொண்ணு என்று மாஸ்டர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது.

முந்தானை நிறைய முடியோடு திரும்பினோம். வழக்கத்தை மறக்காமல் நான் கேட்டேன்: “கொதிக்க வைக்கணுமாம்மா?”

“வாயை மூடிக்கிட்டு வைக்கோல் கொண்டா.”

வண்டிக்காரரின் மாட்டுத் தொழுவத்திலிருந்து வைக்கோல் கொண்டுவந்தேன். முடியை அதோடு சேர்த்துப் பெட்டி ஓரத்தில் வைத்தார். தானே விரித்துவிடவில்லை. பவுனு வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெல்ல வந்து மோந்தது. ஒரு வாய் எடுத்தது. மூலைக்குக் கொண்டுபோனது. திரும்பி வந்து இன்னொரு வாய் எடுத்தது. அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி அப்போதுதான் தளர்ந்தது. கதவைச் சாத்தி, எங்கள் எல்லோரையும் விரட்டினார்.

மறுநாள் காலை டாக்டரம்மா ரவுண்டுக்கு வந்தபோது ஹெட் நர்ஸ் இல்லை. அப்படி நடந்ததே கிடையாது. தேடிக்கொண்டு போனோம். ஸ்டோர் அறை வாசலில், தரையில், வெள்ளைச் சேலை முழுக்க வைக்கோல் ஒட்ட உட்கார்ந்திருந்தார்.

“என்ன நர்ஸம்மா இது?”

“பிரசவ கேஸுங்க டாக்டர். தாயும் புள்ளைங்களும் சொகம். யாரும் பாக்க அனுமதி இல்லீங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ரவுண்டைத் தானே பார்க்கப் போய்விட்டார்.

நான் காப்பி கொண்டுவந்து கொடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டில் பெட்டியின் மூலையில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு குவியல் தெரிந்தது.

“எத்தனை குட்டின்னு பாத்தீங்களாம்மா?”

“பாக்கல. அவ மூடி வச்சிருக்கா. மூடுனதைத் தொறக்க நான் யாரு?” என்றார். “முடி அசையுது பாரு. எல்லாப் பக்கமும் அசையுது.”

சொல்லிவிட்டு, வைக்கோல் ஒட்டிய முந்தானையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதவள் போல மறுபக்கம் திரும்பி, அந்தப் பக்கமாக யாரும் வந்துவிடாதபடி வாசல் குறுக்கே காலை நீட்டிக்கொண்டேன்.