இரண்டாம் மாடியில் நண்டு வளை

எனக்கு வராத வேலைகள் எவ்வளவோ உண்டு. மாத்திரை அட்டையை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் காபி ஆறிவிடும். ஆனால் வயலுக்குத் தண்ணீர் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் மட்டும் அறுபத்தெட்டு வயதுவரை குறையாமல் இருந்தது. (இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.)

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். காவிரிக் கரைதான், ஆனால் எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில், கடைமடை. எல்லோருக்கும் பாய்ந்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். அதனால் வரப்பில் நண்டு வளையைப் பார்த்தால் ஒரு பிடி களிமண்ணை வைத்து அடைத்து, குதிகாலால் மிதித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன். விட்டால் வயல் வடிந்து போகும்.

அவர் காலமான பிறகு மகன் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தான். அடுக்குமாடியில் இரண்டாம் மாடி. தொட்டுப் பார்க்க மண் கிடையாது. டிவியையும் ஜன்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டு மனசு கேட்காமல், மருமகள் மலர் பால்கனியில் வைக்க ஆறு செடிப்பைகள் வாங்கி வந்தாள். கீழ்வீட்டுக்காரர்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரிடமும் அவளே போய் அனுமதி கேட்டாள்.

"வச்சுக்கங்க. என் பால்கனியில ஒரு சொட்டு விழுந்துச்சு, அன்னிக்கே எல்லாத்தையும் இறக்கிடணும்."

"எங்க அத்தை விவசாயம் பண்ணவங்க சார். சிந்தவே மாட்டாங்க."

இப்படி வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பையைக் கவிழ்த்துப் பார்க்கிறேன், அடியில் நாலு ஓட்டை! ஆறிலுமே அப்படித்தான். கடைக்காரன் மலரை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். சொன்னால் வருத்தப்படுவாளே என்று வாயைத் திறக்கவில்லை. (திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.) மகன் ஊரிலிருந்து மூட்டையில் கொண்டுவந்த வயல் மண்ணைக் குழைத்து இருபத்துநாலு ஓட்டையையும் அடைத்தேன். குதிகாலால் மிதிக்கத்தான் முடியவில்லை. பிறகு மண்ணை நிரப்பி, கத்தரி நாற்றும் கொத்தமல்லியும் வைத்தேன்.

கத்தரிக்குக் காலில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? கொல்லையில் மேட்டுப்பாத்தி போட்டுக் கத்தரி வளர்த்தவள்தான். ஓட்டையைக் கண்டதும் புத்தி வரப்புக்கு ஓடிவிட்டது.

மூன்று வாரம் ஒரு சொட்டு விழவில்லை. படியில் பார்த்த செயலாளர், "பரவாயில்லையேம்மா" என்றார். நான் அன்று முழுக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்தேன். அதற்குள் கத்தரி இலை பழுத்தது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். கொத்தமல்லி அழுகி நாறியது. மலர் விரலை விட்டுப் பார்த்தாள், மணிக்கட்டுவரை போயிற்று.

"அத்தை, அடி ஓட்டைய அடைச்சிட்டீங்களா?"

"நானா? எனக்கென்ன பைத்தியமா?"

"தண்ணி வடியத்தான் ஓட்டையே. இல்லன்னா வேரு மூச்சுமுட்டிச் செத்துடும்."

அவள் கடைத்தெருவுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். வருவதற்குள் செடியையும் காப்பாற்ற வேண்டும், என் பொய்யையும் காப்பாற்ற வேண்டும். ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து, வடியவிட்டு, துடைத்திருக்கலாம். ஆனால் மடை திறப்பதென்றால் எனக்குக் கை நிற்காது. ஆறு பையையும் ஒரே மூச்சில் குத்திவிட்டேன்.

கறுப்புத் தண்ணீர் சிலுசிலுவென்று ஓடி, பால்கனி மூலைக் குழாய் வழியே கீழே குதித்தது.

"மழையா சம்பந்தி?" என்று ஒரு குரல்.

"வெயிலு கொளுத்துதுங்களே..." இது செயலாளர்.

எட்டிப் பார்த்தேன். அவர் மகளின் மாமனார் சீர்காழியிலிருந்து முதல் தடவையாக வந்து, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டை நடவு முடிந்து கரையேறியது போல இருந்தது. கையிலிருந்த காபி குடிக்காமலேயே டம்ளர் விளிம்புவரை ஏறியிருந்தது.

"அம்மா! இன்னிக்கே இறக்குங்க!" என்று செயலாளர் கத்தினார்.

குழாய் உடைந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒரு பொய்யே இவ்வளவு தூரம் ஒழுகியிருக்கிறதே!

"தப்பு என்னுதுதாங்க! நண்டு வளைன்னு நெனச்சு அடைச்சிட்டேன்!"

"நண்டா? ரெண்டாவது மாடியிலயா?"

சம்பந்தி மட்டும் தோளில் வழிந்த மண்ணை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"வயல் மண்ணு. கடைமடையாம்மா நீங்க?"

"ஆமாங்க."

"நாங்களும்தான். எங்க வீட்டம்மா பாத்ரூம் ஓட்டையையே துணிய வச்சு அடைப்பாங்க!"

சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். பின்னாலேயே செயலாளர். சம்பந்தி ஒவ்வொரு செடியாகத் தண்டைப் பிடித்துப் பார்த்தார்.

"கத்தரி ரெண்டு பொழச்சுக்கும். இருக்கட்டும் சம்பந்தி. காய்ச்சா எனக்கு ஒரு பை அனுப்புங்க."

பெண் கொடுத்த வீட்டில் சம்பந்தி முதல்முதலாக வாய்விட்டுக் கேட்டது அதைத்தான். எப்படி மறுப்பது? செயலாளர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அடியில தட்டு வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டும் பிழைத்தன. முதல் காய் சீர்காழிக்குப் போயிற்று. இப்போது பன்னிரண்டு பை வைத்திருக்கிறேன். வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் மகன், "அம்மா, நண்டு!" என்று கூப்பிடுகிறான்.

செயலாளரும் தன் பால்கனியில் புதினா வைத்திருக்கிறார். அடி ஓட்டை திறந்திருக்கிறதா என்று நானே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் மனிதர் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கும்போது, இன்றைக்கும் ஒரு கையால் டம்ளரை மூடிக்கொண்டுதான் பேசுகிறார்.