சட்டசபை உறுப்பினரின் ஹாம் நகர வாரிசு

வம்சாவளியர் என்றொரு இனம் எங்களுக்குள் உண்டு. ஜெர்மனியில் தமிழர் வாழும் எந்த நகரத்திலும் ஒருவரையாவது காணலாம். தேடிப்போகத் தேவையில்லை, அவரே உங்களைத் தேடி வருவார். பிறந்தநாள் மண்டபத்தில் நீங்கள் இரண்டு றோல்ஸோடு ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும்போது பக்கத்துக் கதிரை இழுபடும். "தம்பி ஊரிலை எவடம்?" என்பார். உங்களை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் தன்னை அதற்கு மேலே வைப்பது சுலபம். நீங்கள் பதிலை முடிப்பதற்குள் அவர் தன் பூட்டனாரிடம் போய்ச் சேர்ந்திருப்பார்.

இந்த இனத்தில் பல வகை. சிலருடைய பூட்டனார் ஊரை அதிகாரம் செய்த உடையார், சிலருடையவர் ஒல்லாந்தருக்கு யானை பிடித்துக் கொடுத்தவர், இன்னும் சிலருக்கு நேரே அரச பரம்பரை. சும்மா இருந்த பூட்டன் ஒருவருக்கும் இல்லை. அப்படியானால் அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது யார்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவர்கள் எல்லோரையும் ஒரே எட்டில் தாண்டியவர் ஹாம் நகரத்தில் பஸ் ஓட்டும் மகேந்திரராஜா தோண்பெரி. பெயரின் பின்பாதி உங்களைத் திடுக்கிட வைக்கும் என்று அவருக்குத் தெரியும், அதற்காகவே சற்று நிறுத்திச் சொல்வார். பல் வைத்தியரிடம் போனால் தாதி "ஹெர் தோண்பெரி" என்று கூப்பிட்டுவிட்டு வெள்ளைக்காரர் யாரும் வருகிறாரா என்று இவரைத் தாண்டி வாசலைப் பார்ப்பாள். இவர் அவசரப்படமாட்டார். அவள் இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் எழும்புவார்.

அவருடைய பூட்டனின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் பள்ளியில் படித்தவர், பெயர் தோண்பெரி. அமெரிக்கா இன்னும் இங்கிலாந்து அரசனின் கீழ் இருந்த காலத்தில் மசச்சூசெற்ஸ் சட்டசபையில் ஓர் உறுப்பினர் இருந்தார், அவர் பெயரும் தோண்பெரி. இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்தப் பெயர் ஒற்றுமையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மகேந்திரராஜா வேலை முடிந்து வந்து அமெரிக்கக் கவுண்டிகளுக்குள் புகுந்துவிடுவார். கவுண்டி என்றால் அங்கத்தைய மாவட்டம். காணிப் பதிவு, கலியாணப் பதிவு, மரணசாசனம் என்று இணையத்தில் அகப்படும் ஒன்றையும் விடமாட்டார். சட்டசபைத் தோண்பெரி தன் ஈயத் தட்டுகளை எந்த மகளுக்கு எழுதிவைத்தார், சிவலைப் பசு யாருக்குப் போனது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பாரிசில் இருக்கும் சொந்தத் தம்பியின் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுப்பாருங்கள். "ரண்டோ மூண்டோ இருக்குதுகள்" என்பார்.

கணினியில் அவர் வரைந்துவைத்த வம்ச மரத்தில், மசச்சூசெற்ஸ் அடிமரத்துக்கும் யாழ்ப்பாணக் கிளைக்கும் நடுவே மட்டும் ஒரு புள்ளிக்கோடு இருந்தது. இரண்டு சமுத்திரத்தைத் தாண்டிவரும் கோடு. யாரோ ஒரு தோண்பெரி கப்பலேறி வந்து எங்கள் பெண் ஒருத்தியைக் கட்டியிருக்க வேண்டும் என்பது அவருடைய துணிபு. யார் என்பது மட்டும்தான் பாக்கி.

இதெல்லாம் ஒரு மனிதனின் பொழுதுபோக்கு என்று நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவருடைய ஒரே மகள் பிறின்சி, யூட்சன் என்ற பையனைக் கட்ட விரும்பினாள். ஆஹென் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். யூட்சனின் தாய் தகப்பன், ராசனும் அன்ரனிற்றாவும், முறைப்படி கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு வந்தார்கள். குடும்ப நண்பன் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன்.

"ஊரிலை எவடம்?" என்று தொடங்கினார் மகேந்திரராஜா.

"மன்னார், அண்ணை," என்றார் ராசன்.

"மன்னாரிலை எவடம்?"

"பேசாலைப் பக்கம்."

"அப்பு என்ன செய்தவர்?"

"கடலுக்குப் போனவர்."

"அதுக்கு முந்தின ஆக்கள்?"

"அதுக்கு முந்தியும் கடல்தான், அண்ணை."

மகேந்திரராஜா தலையை மெதுவாக ஆட்டினார். மாட்டேன் என்று இந்த இனம் ஒருநாளும் வாயால் சொல்லாது. மரத்தைத்தான் காட்டும். மடிகணினியைத் தொலைக்காட்சியில் இணைத்தார். சுவர் நிறையத் தோண்பெரிகள். சட்டசபையையும் கவுண்டிகளையும் பசுவையும் விளக்கி, "குறை நினைக்காதேங்கோ, குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு பொருத்தம் வேணும்தானே," என்று முடித்தார். பிறின்சி கேக்கை வெட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அன்ரனிற்றா திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அண்ணை, இந்தப் புள்ளி போட்ட இடத்திலை ஆர்?"

"அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன்."

"அதிலை ஒருத்தரும் இல்லை," என்றார் தேநீர் கொண்டுவந்த சிவமலர். மகேந்திரராஜாவின் மனைவி. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்திருக்க வேண்டும். "மாமி எனக்குச் சொன்னவ. மிசன் போடிங் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளைச் சேர்க்கேக்கை, அமெரிக்காவிலை இருந்து ஆர் அந்தப் பிள்ளையின்ரை படிப்புக்கு உதவி செய்யினமோ அவையின்ரை பேரைத்தான் வைப்பினமாம். இவையின்ரை ஆளுக்கும் அப்பிடி வைச்ச பேர்தான்."

"அப்ப அவரின்ரை சொந்தப் பேர், அக்கா?" என்று கேட்டார் அன்ரனிற்றா.

"அது ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு அந்தப் பேரை அவர் வாயாலை எடுக்கேல்லையாம். எடுத்தால் ஆர் எவர் எண்டு சனம் பிடிச்சிடும் எண்ட பயம்."

அந்தக் காலத்தில் ஒருவருடைய பெயரைக் கேட்டாலே போதும், அவர் யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளலாம், அள்ளக்கூடாது என்று ஊர் முடிவுசெய்துவிடும். அதிலிருந்து தப்பத்தான் அந்தப் பையன் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயருக்குள் ஒளிந்துகொண்டான். அவன் வழியில் வந்தவர் அதே பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு குடும்பத்தைக் கிணற்றுக்கு வெளியே நிறுத்துகிறார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தேநீரைக் குடித்துச் சமாளித்தேன்.

"இது இன்னும் ஆராய வேண்டிய விசயம்," என்றார் மகேந்திரராஜா கடைசியில்.

"ஆராயுங்கோ அப்பா," என்றாள் பிறின்சி. "நாங்கள் கலியாணப் பதிவுக்கு ரெர்மின் எடுத்து நாள் குறிக்கப்போறம். நான் யூட்சன்ரை பேரைத்தான் எடுக்கிறன். நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோசம்."

பதிவுக் கந்தோருக்கு அவர் வந்தார், கடைசி வரிசையில் இருந்தார். முன்னால் பிறின்சி தோண்பெரி என்று ஒப்பமிடும் உரிமையைத் துறந்து, பிறின்சி குரூஸ் ஆனாள். மசச்சூசெற்ஸில் தொடங்கியதாகச் சொல்லப்பட்ட வம்சம் ஹாம் நகரத்தில் ஒரு பேனாவால் முடிந்தது. அவருடைய கண் கலங்கியதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது, மனிதர் திருந்திவிட்டார் என்றே நம்பினேன்.

அடுத்த கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் தெளிந்திருந்தது.

"சம்பந்தி வீட்டுப் பேரைக் கவனிச்சனீரோ? குரூஸ். போர்த்துக்கேயப் பேர். கோவாவிலை ஆலோசனைச் சபையிலை ஒரு குரூஸ் இருந்திருக்கிறார். இடையிலை கொஞ்சம் புள்ளிக்கோடு இருக்கு, அது பெரிய விசயமில்லை. நான் போர்த்துக்கேயம் படிக்கத் தொடங்கியிட்டன்."

வம்சாவளியர் திருந்துவதில்லை, கண்டம் மாறுவார்கள். எதிர்ப்பட்டால் றோல்ஸை வாய்க்குள் போட்டுக்கொண்டு நழுவிவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சங்கதி. ராசனுடைய ஊரைச் சொன்னேன், ஊரில் எவடம் என்றும் சொன்னேன். மகேந்திரராஜா யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று நான் சொல்லவேயில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். வாசித்துக்கொண்டு வரும்போது, அந்தப் பையனுக்குப் பழைய பெயர் என்னவாக இருந்திருக்கும், அவன் எந்த ஆட்களாக இருப்பான் என்று உங்கள் மனம் ஒருதரமாவது கணக்குப் பார்க்கவில்லையா? பார்த்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். இங்கே கதிரை ஒன்று காலியாக இருக்கிறது, பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு இருங்கள். நானும் அப்போதிருந்தே உங்களிடம் கேட்க நினைத்தேன். ஊரிலை எவடம்?