காஞ்சிபுரம் போகாத கார்

கஜபதி பிடுங்கிய வைப்பர் ரப்பர் கைலி மடிப்புக்குள் போவதற்கும், மாடிப்படியில் லட்சுமணனின் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

"இன்னா மாப்ளே, காலங்காத்தாலயே கார்கிட்ட நின்னுகினு கீறீங்க?"

"ஒண்ணுமில்ல மச்சான். நாளைக்கு காஞ்சிபுரம் போறமே, எல்லாம் ஒழுங்கா கீதான்னு பாக்க வந்தேன். பாத்தா வைப்பர்ல ரப்பரையே காணோம்!"

கஜபதி முகத்தை இழவு வீட்டில் வைத்துக்கொள்வது போல் வைத்துக்கொண்டான். வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் ஈரமாகக் கூசியது.

லட்சுமணன், கஜபதியின் மனைவி விஜிக்கு அண்ணன். திருநின்றவூரிலிருந்து மனைவி கெங்கம்மாளோடு அன்று காலைதான் மின்சார ரயிலில் ஆவடிக்கு வந்து இறங்கியிருந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாலு பேரும் கஜபதியின் காரில் காஞ்சிபுரம் போய்ப் பட்டு எடுப்பதாக ஏற்பாடு.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன வருஷமும் இப்படித்தான் நாலு பேரும் இதே காரில் கிளம்பினார்கள். லட்சுமணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்தக் குறையை அவர் வாயால் ஓட்டித் தீர்த்துக்கொள்வார். "பிரேக்கு, பிரேக்கு! லாரி மாப்ளே! மாடு மாப்ளே!" என்று ஆவடியில் ஆரம்பித்தவர், பூந்தமல்லி நெருங்கியும் மூச்சு விடவில்லை. குமணன்சாவடி சிக்னலில் கஜபதி வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்தி, சாவியை உருவி அவர் மடியில் போட்டு, "நீயே ஓட்டுய்யா" என்றான். லட்சுமணன் இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரமும் வரவில்லை, பொங்கலுக்கு இங்கிருந்து யாரும் போகவுமில்லை. விஜி அண்ணன் பேரை எடுத்தாலே மூக்கை உறிஞ்சினாள்.

கல்யாணம் கூடி வந்ததால்தான் இரண்டு வீடும் மறுபடி ஒட்டியிருந்தன. பழையபடி நீ, வா, போ எல்லாம் கிடையாது. ஒருவருக்கொருவர் வாங்க, போங்க என்று மரியாதை வழிந்தது. இந்த மரியாதையில்தான் சிக்கல். "கார் வேண்டாம்" என்று கஜபதி சொன்னால், மாப்பிள்ளை இன்னும் மனதில் வைத்திருக்கிறார் என்று ஆகும். "பஸ்ஸில் போகிறோம்" என்று லட்சுமணன் சொன்னால், மாப்பிள்ளையின் காரை மட்டமாக நினைக்கிறார் என்று ஆகும். போனாலோ குமணன்சாவடி சிக்னல் அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்னொரு தடவை அங்கே சாவியை உருவினால் விஜிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்காது. கஜபதிக்கு அது நன்றாகத் தெரியும். தன் கோபமும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே கார்தான் உடம்பு சரியில்லாமல் படுத்தாக வேண்டும்.

"மழ வேற வுட்டு வுட்டுப் பேயுது. ரப்பர் இல்லாம ஓட்டுனா எதிர்ல வர்றது தெரியாது மச்சான். எனக்கு இன்னா, கூட கெங்கம்மா அக்காலாம் வர்றாங்களேன்னு பாக்குறேன்" என்றான் கஜபதி.

"அய்யய்யோ, ரிஸ்க்கே எடுக்க வேணாம் மாப்ளே!" என்றார் லட்சுமணன். அவர் முகம் ஏனோ பளிச்சென்று ஆனது.

காரியம் முடிந்தது என்று கஜபதி மூச்சு விடுவதற்குள் கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஒரு நிமிஷம் சார்! எங்கியும் போயிடாதீங்க!"

அது துலுக்கானம். கஜபதி வேலை பார்க்கும் அதே பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. குவார்ட்டர்ஸ் பிளாக்குக்குச் செயலாளரும் அவர்தான். யாருக்காவது ஒரு கஷ்டம் என்றால் கூப்பிடாமலே வருவார், போகச் சொன்னாலும் போக மாட்டார். அவரிடம் இல்லாத ஸ்பானர் கிடையாது.

"ரப்பர் எப்டி சார் காணாமப் போவும்?" என்று கேட்டுக்கொண்டே, வைப்பரைத் தூக்கி மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "யாரோ உருவி கீறாங்க!"

கஜபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று ஒரு பதில் வேண்டும். எதிரே முனியன் வாளியும் துணியுமாக ஒரு ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். குவார்ட்டர்ஸ் வண்டிகளையெல்லாம் தினமும் கழுவித் துடைப்பது அவன்தான்.

"நம்ம முனியன்தான். போட்டு அழுத்தித் தொடச்சித் தொடச்சி ரப்பரையே பிச்சிட்டான். எத்தினி தடவ சொல்றது இவனுக்கு!" என்றான் கஜபதி, சற்று உரக்கவே.

முனியன் திரும்பினான். "சார், இன்னா சார் இப்டி சொல்ற? வண்டியத் தொடச்சிட்டு வைப்பரத் தூக்கி நிறுத்தி வெச்சிட்டுப் போவேன். தொடச்சாச்சின்னு அடையாளம், அவ்ளோதான். ரப்பர நான் எடுத்துகினு போயி இன்னா சார் பண்ணப் போறேன்?"

"சரி சரி, வேலையப் பாரு" என்றான் கஜபதி. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

துலுக்கானம் அதற்குள் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பழைய வைப்பரோடு வந்துவிட்டார். அது அளவில் கொஞ்சம் நீளம். மாட்டிப் போட்டதும் இரண்டு வைப்பரும் நடுக் கண்ணாடியில் சந்தித்து, அடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. கஜபதிக்கு நம்பிக்கை பிறந்தது. துலுக்கானம் விடுவாரா? இடதை வலதில் மாற்றினார், வலதை இடதில் மாற்றினார், நுனியை ரம்பத்தால் அறுத்தார். கடைசியில் வைப்பர் ஒரு கோடுகூட இல்லாமல் கண்ணாடியைத் துடைத்தது. வண்டி புதிதாக இருந்தபோதுகூட அப்படித் துடைத்ததில்லை.

"இனிமே புயலே அடிச்சாலும் நீங்க காஞ்சிபுரம் போலாம் சார்!"

"ரொம்ப தேங்க்ஸ்" என்றான் கஜபதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

லட்சுமணன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மாடியேறினார்.

மத்தியானம் விஜி கறிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பாட்டில் கை வைத்ததும் லட்சுமணனுக்குப் பழைய கதையெல்லாம் ஞாபகம் வந்தது.

"எங்க கணக்கு வாத்தியார் ஸ்கூட்டர்ல வருவாரு மாப்ளே. பரீட்ச அன்னிக்கி அவரு வராம இருக்கணும். இன்னா பண்ணுவேன் தெரியுமா? வால்வு மூடியக் கழட்டி, உள்ள ஒரே ஒரு பருப்பப் போட்டு, திருப்பி முறுக்கி வெச்சிடுவேன். அவ்ளோதான்!"

"பருப்பப் போட்டா காத்து எப்டிண்ணே எறங்கும்?" என்று கேட்டாள் விஜி.

"உள்ள ஒரு சின்ன ஊசி கீதில்ல, அத பருப்பு அமுக்கிகினே இருக்கும். உஸ்ஸுன்னு சத்தம்கூட வராது. காத்து நைசா போயிகினே இருக்கும். மூடிய இவ்ளோதான் முறுக்கணும், ஜாஸ்தியா முறுக்குனா பருப்பு நசுங்கிடும்."

"கார் டயர்லயுமா?" என்றாள் விஜி.

"எல்லாம் ஒரே வால்வுதானம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். கெங்கம்மாள் மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் "சரிங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியிருக்கவில்லை. கஜபதி மோருக்குக் காத்திருக்காமல் கை கழுவப் போனான்.

சாப்பிட்டதும் ஆளுக்கொரு மூலையில் பாய் விரித்தார்கள். லட்சுமணன் தூங்கினால் அடுத்த பிளாக்குக்குக் குறட்டை கேட்கும். அன்று மட்டும் ஏனோ சத்தத்தையே காணோம். களைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட கஜபதி, பூனை மாதிரி சமையலறைக்குள் போய், டப்பாவிலிருந்து ஒரு துவரம்பருப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். முன்பக்க இடது டயர். மூடியைக் கழற்றினான், பருப்பைப் போட்டான், மச்சான் சொன்ன அளவுக்கு முறுக்கினான். காதை வைத்துக் கேட்டால் மட்டும் மெல்லிசாக ஒரு சீறல்.

மச்சானின் வித்தையை மச்சானுக்கே போட்டதில் அவனுக்கு ஒரே குஷி. திரும்பி வந்தபோது விஜி எழுந்து சமையலறையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள்.

"தூங்கலியா?"

"டீக்கு ஏலக்கா தேடுறேன். நீங்க எங்க போய்ட்டு வர்றீங்க?"

"மழ வருதான்னு பாத்தேன்."

அதற்கு மேல் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கஜபதி படுத்த சுகத்தில் கண்ணயர்ந்துவிட்டான். துலுக்கானம் கதவைத் தட்டிய சத்தத்தில்தான் எழுந்தான்.

"சார்! சீக்கிரம் கீழ வாங்க! கார் ஒக்காந்துகினு கீது!"

எல்லோரும் இறங்கி ஓடினார்கள். கஜபதி தயாராக வைத்திருந்த அதிர்ச்சியை முகத்தில் எடுத்து மாட்டிக்கொண்டான். காரைப் பார்த்ததும் அது நிஜ அதிர்ச்சியாக மாறிவிட்டது.

நாலு டயரும் சப்பையாகக் கிடந்தன. சேற்றில் படுத்த எருமை மாதிரி வண்டி தரையோடு தரையாக இருந்தது.

'நான் ஒன்றில்தானே வைத்தேன்?'

"ஒரு டயர் எறங்குனா பஞ்சரு. நாலு டயரும் எறங்குனா சதி!" என்றார் துலுக்கானம். காற்றடிக்கும் குட்டி மெஷினைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆனால் அதைத் தொடவில்லை. குனிந்து முன்பக்க இடது டயரின் மூடியைக் கழற்றினார். துவரம்பருப்பு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அடுத்த டயரில் கடலைப்பருப்பு. அதற்கடுத்ததில் உளுத்தம்பருப்பு. கடைசியில் ஒரு மிளகு.

கஜபதிக்குத் தலை சுற்றியது. துவரம்பருப்பு அவனுடையது. மற்ற மூன்றும் யார் வீட்டுச் சீதனம்? தான் வைத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு மிச்சம் மூன்றையும் முடித்திருக்கிறார்கள். யார்?

"வெயிலுக்குக் காத்து எறங்கி இருக்கும்" என்றான் மெதுவாக.

"நேத்துல இருந்து மழ வுட்டு வுட்டுப் பேயுது சார்" என்றார் துலுக்கானம்.

"எலி கொண்டாந்து வெச்சிருக்குங்க. எங்க எலிக்குப் பருப்புன்னா உசுரு" என்றாள் விஜி.

"எலி மூடியத் தெறந்து மூடுமா மேடம்?"

"எல்லாம் கெரகம். மகளுக்கு இந்த வாரம் நேரம் செரியில்ல. கார்ல போவாதீங்கன்னு ஆண்டவன் சொல்றான்" என்றார் லட்சுமணன், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

துலுக்கானம் யாரையும் காதில் வாங்கவில்லை. "காலைல நீங்க யாரத் திட்டுனீங்க சார்?"

கஜபதி கைலியை இறுக்கிக் கட்டினான். துலுக்கானமே பதிலையும் சொன்னார்.

"முனியன! அவன் பொண்டாட்டி மெயின் கேட்டாண்ட இன்னா போட்டுகினு கீறா? வட கட! நாலு சாமானும் ஒரே எடத்துல கெடைக்கிற எடம் எது சார்? காலைல திட்டுனீங்க, மத்தியானம் காட்டிட்டான். முனியா! இங்க வாடா!"

முனியன் ஈரக் கையோடு ஓடிவந்தான். பருப்பைப் பார்த்தான், டயரைப் பார்த்தான்.

"சத்தியமா நான் இல்ல சார்! காத்தப் புடுங்கி எனக்கு இன்னா சார் லாபம்?"

"அத குவார்ட்டர்ஸ் எஸ்டேட் ஆபீஸ்ல வந்து சொல்லு. திங்கக்கெழம உன் கேட் பாஸ கேன்சல் பண்றேன். வட வண்டியும் எடுக்கணும்."

முனியன் நேராகக் கஜபதியிடம் வந்தான். "சார், நீ சொல்லு சார். எம்மா நாளா உன் வண்டியத் தொடைக்கிறேன்? பாஸு பூட்டா ஊட்ல சோறு இல்ல சார்."

ஒருவேளை இவனே மற்ற மூன்றையும் வைத்திருந்தால்? கோபத்தில் வைத்திருக்கலாமே? அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தான் கஜபதி. ஆனால் முனியன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் பொய் சொல்லி இவனை மாட்டிவிட்டது தான் அல்லவா? சொன்னால் மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது? விஜி என்ன செய்வாள்? சொல்லாவிட்டால் இவன் வீட்டில் அடுப்பு எரியாது.

"வுடுங்க சார், பாவம்" என்றாள் விஜி, வழக்கத்துக்கு மாறான குரலில். லட்சுமணன் பல்குத்தும் குச்சியை இரண்டாக ஒடித்து, நாலாக ஒடித்து, மேலும் ஒடிக்க முடியாமல் நின்றார்.

"பாவம் பாத்தா நாளைக்கு என் வண்டியில அரிசிய வெப்பான்!" என்று துலுக்கானம் முனியனின் கையைப் பிடித்தார். "நட, செக்யூரிட்டிகிட்ட!"

போதும். என்ன ஆனாலும் ஆகட்டும். கஜபதி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சார், அந்தத் துவரம்பருப்பு..." என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் பின்னாலிருந்து, காலையிலிருந்து யாரும் இவ்வளவு பலமாகக் கேட்டிராத ஒரு குரல் கணீரென்று கேட்டது. திரும்பினால் கெங்கம்மாள்.

"அந்தாளு வவுத்துல அடிக்காதீங்க. மொளகு நான் வெச்சது. மீதி மூணு பருப்பையும் வெச்சவங்க அவங்கவங்களே எடுத்துகினு மேல வாங்க, டீ ஆறுது."