கேரட்டு ஓடையில் குளித்தெழுந்த இரும்புச் சட்டகம்

கேத்தி,
வைகாசி 28.

கோயமுத்தூரில் பொறியியல் ஞானம் ததும்ப வீற்றிருக்கும் என் மருமகன் சிரஞ்சீவி ரவிச்சந்திரனுக்கு, மாமன் செல்லக்கண்ணு மலையளவு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, அவளுடைய மூட்டுவலி மூவரும் நலம். இனி நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். சத்தியமாக. இங்கே கண்ணால் பார்த்தவர்களே நம்பவில்லை.

தேயிலை விலை விழுந்து சோலூர் பேக்டரியை மூடியதில் பதினான்கு பெண்களுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். ஊட்டி மார்க்கெட் பஷீர் பாய், "மழைக்கு முந்தி கேத்தியில ஒரு கூரை நிக்கட்டுமுங்க, கேரட் பிரிக்கிற வேலைய இவங்களுக்கே தர்றேன். இல்லாட்டி மேட்டுப்பாளையம் போயிருவேன்" என்றார். பேக்டரியில் இலை வாட்டும் கொட்டகையின் இரும்புச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. நீயோ, "வரைபடம் இல்லாமக் கழட்டுனா மறுபடி நிக்காதுங்க மாமா, பழைய இரும்புக்குப் போடுங்க" என்று போனை வைத்தாய்.

வைத்தாயா! நான் ஸ்பேனரை எடுத்தேன். நூறு வயசுச் சட்டகம், தூணும் உத்திரமும் போல்ட்டால் கோத்தது, ஓரிடத்திலும் வெல்டிங் கிடையாது. நான் தொட்டதும் ஒவ்வொரு போல்ட்டும் கும்பிட்டுக் கழன்றது. கண்டியிலிருந்து வந்து இருபது வருஷம் அங்கே வேலை பார்த்த காத்தாயி, துண்டுக்குத் துண்டு சாக்பீஸில் நம்பர் போட்டாள். இருநூற்றுப் பதினாறு துண்டுகள் லாரி ஏறிக் கேத்தியில் இறங்கின. கேத்திதான் கேரட் ஊராயிற்றே, இங்கே எது இறங்கினாலும் முதலில் ஓடையில் கழுவுவார்கள், அப்புறம் சைஸ் வாரியாகப் பிரிப்பார்கள், கைப்பழக்கம் அப்படி. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கேரட் கழுவும் மேஸ்திரி அழகையா அத்தனையையும் தேய்த்துக் குளிப்பாட்டி, பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று குவித்துவிட்டு, "பளபளன்னு ஆக்கிப்போட்டோமுங்க" என்கிறான். நம்பரெல்லாம் ஓடையோடு கடலுக்குப் போய்விட்டது. மீன்கள் இந்நேரம் வரிசையில் நிற்கும்.

வானம் கறுத்தது. பஷீர் பாய் மேகத்தைப் பார்த்தார், அப்புறம் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்தார். பதினான்கு பேரில் சின்னவள் அன்னக்கிளி அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத புள்ள" என்று காத்தாயி குவியலுக்குள் இறங்கினாள். "இந்தா, இது நான் சோத்துத் தூக்கு மாட்டுன தூணு. தேஞ்ச தடம் இருக்கு பாரு. வடக்கு ஜன்னலோரம் நின்னது."

அவ்வளவுதான். பதினான்கு பேரும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி சாய்ந்து சாய்ந்தே வழுவழுப்பான தூண், தள்ளுவண்டி இடித்த நெளிவு, எத்தனை கழுவியும் போகாத வெற்றிலைச் சுண்ணாம்பு! அழகையாவின் ஆட்கள் கயிறு கட்டித் தூண்களை நிமிர்த்தினார்கள். உத்திரங்களைச் சட்டகமே கேட்டு வாங்கிக்கொண்டது. தப்பான உத்திரத்தை நீட்டினால் துளை ஒரு நூல் விலகி நிற்கும், சரியானது என்றால் போல்ட் விரலால் தள்ளவே உள்ளே போகும். என்ன நேர்மை, மருமகனே! நம் சொந்தத்தில் அப்படி ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம்.

மூன்றே நாளில் மேலே தகரமும் ஏறி நின்றது. பதினேழு காட்டெருமைகள் வந்து முதுகு சொறிந்து பார்த்தன. சட்டகம் அசையவில்லை, எருமைகள்தான் கொஞ்சம் கோணலாகிப் போயின.

நீயும் துருப்பிடிக்காமல் நூறாண்டு நிமிர்ந்து நிற்க வாழ்த்தும்,
செல்லக்கண்ணு மாமன்.

பி.கு.: எருமை பொய். மூன்று நாள் பொய். போல்ட் கழலாமல் ஒரு வாரம் டீசல் ஊற்றினோம், ஸ்பேனர் பிடித்தது காத்தாயி, டீசல் டின்னைப் பிடித்தது நான். மற்றதை உன் இஷ்டத்துக்கு நம்பு. ஆனால் நேற்றைக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது, பதினான்கு பேரும் நனையாமல் கேரட் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.