இரைப்பைக்கு வாரிசுச் சான்று

ஓசூரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி, 2008-ஆம் ஆண்டில் தன் தொழிலாளர்களின் மரபணுக்களை மேம்படுத்துவது எனத் தீர்மானித்தது. மேம்படுத்த முடியாதென்று யாரோ சொல்லவே, பெங்களூர் ஆய்வகம் ஒன்றை வைத்துப் பரிசோதிப்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்த வருஷம் பெங்களூரில் அதுதான் ஃபேஷன். முந்தின வருஷம் யோகா.

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த கரியப்பனுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. அவன் அப்பா இரைப்பைப் புற்றுநோயில் போனவர். பெரியப்பாவும் அதிலேயே போனார். நாற்பது தாண்டியதிலிருந்து கரியப்பனுக்கு ஏப்பம் வந்தாலே பயம்.

நலப்பிரிவு அதிகாரி மாதவன் அவன் விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“பரம்பரை நோய்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம்?”

“அப்பா செத்துட்டாரு சார்.”

“அவர் உங்க அப்பாதான்கிறதுக்கு?”

“எங்கம்மா சொன்னாங்க சார்.”

“வாய்மொழி செல்லாது. வாரிசுச் சான்று வேணும். மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்தும் போடணும்.”

“மரபணுவுக்கா சார்?”

“அப்பாகிட்டருந்து வர்ற எதுக்கும் அதான் நடைமுறை.”

மாதவன் தங்கமான மனுஷர். விதியை மீறி ஒருவரையும் காப்பாற்றியதில்லை.

சான்று வீட்டுப் பீரோவிலேயே இருந்தது. கையெழுத்துதான் வம்பானது. பாகலூர்ப் பக்கம் நிலத்தின் விலை எகிறிக்கொண்டிருந்த காலம். வாரிசு என்ற வார்த்தை தாளில் இருந்தால் பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். பாகப்பிரிவினையில் ரோட்டோர நிலத்தை வாங்கிக்கொண்ட தம்பி கோவிந்தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏண்ணா, அப்பாவோடது என்னமோ உன்கிட்ட இருக்குது. பெங்களூர்க்காரனே தேடி வர்றான். என்னை மட்டும் வேணான்னு எழுதித் தரச் சொல்றியா?”

“டேய், அது நோய்டா! வந்தா சாவுடா!”

“இப்படிச் சொல்லித்தான் எல்லாரும் கையெழுத்து வாங்கறாங்க. எனக்குச் சமபங்கு வேணும்.”

மூன்று மாதம் இழுத்தது. கரியப்பன் மோர்சாதத்தில் காலம் தள்ளினான். கடைசியில் மாதவன் இருதரப்பையும் அழைத்துச் சமரசம் செய்தார்: இருவருக்கும் ஒரே நாளில், ஒரே அளவு ரத்தம் எடுக்கப்படும், குழாய் விட்டு இரைப்பையும் பார்க்கப்படும். கோவிந்தன் ரத்தக் குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்து அளவைச் சரிபார்த்தான்.

முடிவை ஆய்வகத்து டாக்டர் சத்யப்ரியா படித்தார்.

“கரியப்பன், உங்கப்பாகிட்ட இருந்ததா நாங்க சந்தேகப்பட்ட மாற்றம் உங்களுக்கு வரலை. வயித்துல சின்னப் புண்தான், மாத்திரையில ஆறிடும். கோவிந்தனுக்குத்தான் வந்திருக்கு. வந்தா நோய் வந்தே தீரும்னு இல்லை, ஆனா ஆபத்து அதிகம். இப்பவே தெரிஞ்சது நல்லது. வருஷாவருஷம் வந்து பாத்துக்கணும்.”

தம்பி அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. கரியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதி அரை நிமிஷம் இருந்திருக்கும். பிறகு எழுந்து நேராக மாதவனிடம் போனான்.

“சார், மேல்முறையீட்டு மனு ஒண்ணு குடுங்க.”

“எதுக்கு?”

“நான் மூத்தவன் சார். ரோட்டோர நிலமும் அவனுக்கு, இதுவும் அவனுக்கா?”

வரிசையில் நின்ற ஷிப்டு முழுவதும் “ஞாயந்தானே சார்” என்றது. மாதவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. மூன்று பிரதி கேட்டார்.